சீரீஸ் 2ஏ லேண்ட் ரோவர்: ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க சிவப்பு லைட் பிரகாசமாகிறது, பேட்டரி ஏறவில்லை

குளிர்மலை88

அனைவருக்கும் வணக்கம். வண்டி 1965 லேண்ட் ரோவர் சீரீஸ் 2ஏ, 88 அங்குலம், 2.25 லிட்டர் பெட்ரோல். கேமரன் மலையில் காய்கறித் தோட்டத்து வேலைக்கு ஓடுகிறது. பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தது) அப்படியே இருக்கிறது, யாரும் மாற்றவில்லை. டைனமோ லூகாஸ் சி40-1, கட்அவுட் பெட்டி (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்தும் பிரித்தும் விடுவது) ஆர்பி106/2.

பேட்டரி புதியது. இரண்டு நாள் ஓட்டினால் மூன்றாம் நாள் செல்ஃப் சுற்ற மறுக்கிறது. சார்ஜர் போட்டு ஏற்றினால் மறுபடி இரண்டு நாள்.

சாவி போட்டால் சிவப்பு லைட் நன்றாக எரிகிறது. ஸ்டார்ட் ஆகி ஸ்லோவில் ஓடும்போது மங்குகிறது. லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைகிறது. இன்னும் கொடுத்தால் திரும்ப எரியத் தொடங்கி, பாதி ஆக்ஸிலேட்டரில் சாவி போட்டபோது இருந்த அளவுக்கு வந்துவிடுகிறது. ஆம்ப் மீட்டர் எப்போதும் மைனஸ் பக்கம்தான். பேட்டரியில் வோல்ட்: நிறுத்தி வைத்தால் 12.5, ஓடும்போது 12.3.

ஃபேன் பெல்ட் புதிது, கார்பன் பிரஷ் புதிது. பலன் இல்லை. போர்மேன் டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு அல்டர்னேட்டர் மாட்டச் சொல்கிறார். கெட்டது டைனமோவா கட்அவுட்டா? இரண்டையும் வாங்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஆர்மேச்சர்

முதலில் ஒன்று: இனி அந்த வண்டியை பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் ரேஸ் செய்யாதீர்கள். காரணம் கீழே.

உங்கள் சிவப்பு லைட்டே பாதி விடையைச் சொல்லிவிட்டது. அந்த பல்பின் ஒரு கால் சாவி வழியாக பேட்டரிக்கும், மறு கால் டைனமோவின் டி டெர்மினலுக்கும் (கரண்ட் வெளிவரும் முனை) போகிறது. இரண்டு பக்கத்து வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அது எரியும். வண்டி நிற்கும்போது டி-யில் பூஜ்யம், பேட்டரியில் 12. அதனால் நன்றாக எரிகிறது. டைனமோ ஏறி பேட்டரிக்குச் சமமானதும் அணைகிறது. அந்த நேரத்தில் கட்அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் டைனமோவும் பேட்டரியும் ஒரே கம்பி ஆகிவிடும், லைட் அதற்குப் பிறகு எரியவே வழி இல்லை. உங்கள் வண்டியில் கட்அவுட் ஒட்டவில்லை. டைனமோ பேட்டரியைத் தாண்டி ஏறுகிறது, பல்பு இப்போது எதிர்த் திசையில் எரிகிறது.

எனவே டைனமோ கரண்ட் உண்டாக்குகிறது. பிரஷ் மாற்றியிருக்கத் தேவையே இல்லை.

இன்னொரு விஷயம். கட்அவுட் மட்டும் ஒட்டாமல், அதே பெட்டிக்குள் உள்ள வோல்ட் ரெகுலேட்டர் சரியாக வேலை செய்திருந்தால் டி-யில் வோல்ட் 16-ஐ ஒட்டி நின்றுவிடும். 16-க்கும் 12-க்கும் நடுவே 4 வோல்ட்தான், பல்பு இழை லேசாகச் சிவக்கும், அவ்வளவே. உங்களுக்கு முழுப் பிரகாசம் வருகிறதென்றால் டி-யில் 24 வோல்ட் பக்கம் இருக்கிறது. ரெகுலேட்டரும் வேலை செய்யவில்லை. சி40 ஃபீல்டு காயிலின் (டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் சுற்று) ரெசிஸ்டன்ஸ் 6 ஓம் சுமார். 12 வோல்ட்டில் 2 ஆம்ப் போகிற இடத்தில் 24 வோல்ட்டில் 4 ஆம்ப் போகும், சூடு நான்கு மடங்கு. ரேஸ் செய்யாதீர்கள் என்றது இதற்காகத்தான். காயில் கருகினால் நல்ல டைனமோ உண்மையிலேயே கெட்டதாகிவிடும்.

கட்அவுட்டும் ரெகுலேட்டரும் ஒரே நாளில் தனித்தனியாகக் கெடுவது அபூர்வம். ஆர்பி106/2-க்குள் இரண்டு காயில் நிற்கும், ஒன்று கட்அவுட், ஒன்று ரெகுலேட்டர். இரண்டின் மெல்லிய கம்பிச் சுற்றும் டி-யிலிருந்து கரண்ட் எடுத்து ஈ டெர்மினல் வழியாக எர்த்துக்குப் போகின்றன. பெட்டியின் அடிப்பகுதி பேக்கலைட், ஆகவே அதை இறுக்கும் ஸ்க்ரூ எர்த் கொடுக்காது. ஈ-யில் போட்ட கருப்பு வயர் ஒன்றுதான் எர்த். அது பூத்துப் போனால் இரண்டு காயிலும் ஒன்றாகச் செத்துவிடும். என் சந்தேகம் அங்கேதான். ஆனாலும் அளந்து பார்த்து முடிவு செய்வோம்.

டைனமோவைத் தனியாகச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு வயரையும் டைனமோவிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனை டைனமோ உடலில், கருப்பு முனை டி-யில் (பாசிட்டிவ் எர்த் என்பதால் தலைகீழ், மாற்றி வைத்தால் டிஜிட்டல் மீட்டர் மைனஸ் காட்டும், வேறு ஒன்றும் ஆகாது). வேகமான ஸ்லோவில் 1.5 முதல் 3 வோல்ட் வரும், அது இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் தருவது. இன்ஜினை நிறுத்தி, டி-யையும் எஃப்-ஐயும் (ஃபீல்டு காயில் முனை) சின்னக் கம்பியால் இணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். வோல்ட் தடுமாறாமல் கிடுகிடுவென ஏற வேண்டும். 20-ஐத் தொடும் முன் விட்டுவிடுங்கள். இணைத்த பிறகும் 1 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஃபீல்டு காயில், 4–5 வோல்ட்டில் நின்றுவிட்டால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பாகம்) கெட்டது.

பிறகு இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு வயர்களைப் பழையபடி போடுங்கள். பெரிய டெர்மினல் டி, சிறியது எஃப். பழைய லூம் (வயர் கட்டு) என்றால் மஞ்சள் டி-க்கு, மஞ்சளில் பச்சைக் கோடு எஃப்-க்கு. பின்னாளில் மாற்றிய லூம் என்றால் பழுப்பில் மஞ்சள் கோடு, பழுப்பில் பச்சைக் கோடு. இப்போது கட்அவுட் பெட்டியில், ஸ்லோவுக்குச் சற்று மேலே 1200 சுற்றில் வைத்து மூன்று அளவு எடுங்கள்: டி எவ்வளவு, ஏ (பேட்டரிக்குப் போகும் முனை) எவ்வளவு, ஈ எவ்வளவு. மூன்றுக்கும் மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டிலேயே இருக்க வேண்டும். பாடியில் வைத்தால் எர்த் குறை மறைந்துவிடும்.

மலைநாடு109

மேலே சொன்னது சரி. நான் இரண்டு விசயம் சேர்க்கிறன்.

ஸ்லோவில சிவப்பு லைற் மங்கலாய் எரியிறது பிழை இல்லை, அதுக்குப் பயந்து ஒண்டும் கழட்டாதேங்கோ. சி40-1 நிமிடத்துக்கு 1450 சுற்று சுத்தினால்தான் 13 வோல்ற்றுக்கு வரும், முழு 22 ஆம்ப் தர 2250 வேணும். இது டைனமோவின்ர சுற்று, இஞ்சினின்ர சுற்று இல்லை. 2.25 இஞ்சின் 500இல ஸ்லோ ஓடேக்க டைனமோ அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது.

மற்றது, இந்த வண்டி பொசிட்டிவ் எர்த் எண்டதை வேலை செய்யிற எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ. கடையில வாற எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், ரேடியோ எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. உலோக உடம்பு உள்ள சார்ஜரை பாடியில முட்ட வைச்சால் நேரடி ஷோர்ட். கட்அவுட் பெட்டிக்குள்ள எலக்ட்ரோனிக் சேர்க்கிட் வைச்சு, வெளியில பழைய மூடி போட்டு விக்கிறதும் இருக்கு. அது எந்த எர்த்துக்கு எண்டு கேட்டு வாங்காட்டி முதல் ஸ்டார்ட்டிலேயே புகைஞ்சு போகும்.

குளிர்மலை88

நன்றி அண்ணே, இருவருக்கும். அளந்த கணக்கு:

டைனமோ தனியாக, டி-யில் 2.1 வோல்ட். டி-எஃப் இணைத்ததும் சட்டென்று 19 வந்தது, நிறுத்திவிட்டேன்.

பெட்டியில் 1200 சுற்றில் டி 18.1, ஏ 12.3, ஈ 11.0.

ஈ-யில் பூஜ்யம்தானே வர வேண்டும்?

ஆர்மேச்சர்

ஆம், ஈ-யில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. உங்கள் கணக்கு கண்ணாடி போல் தெளிவு. டி-யில் 18.1, ஈ-யில் 11.0, நடுவே காயில்களுக்குக் கிடைப்பது 7.1 வோல்ட். கட்அவுட் ஒட்ட 12.7 முதல் 13.3 வரை வேண்டும், ரெகுலேட்டர் அசைய 16 வேண்டும். 7 வோல்ட்டில் இரண்டும் தூங்குகின்றன. டைனமோ நல்லது, பெட்டியும் பெரும்பாலும் நல்லது. எர்த் மட்டும் இல்லை.

உறுதி செய்ய: இன்ஜின் நின்றிருக்கும்போது ஈ டெர்மினலிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டுக்கு ஒரு வயரை நேரடியாக இழுத்து மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட். லைட் அணைந்து அணைந்தபடியே இருக்க வேண்டும், ஆம்ப் மீட்டர் பிளஸ் பக்கம் போக வேண்டும்.

அது சரியானால் தற்காலிக வயரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். பெட்டியின் கருப்பு வயர் பல்க்ஹெட்டில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒரு ஸ்க்ரூவில் முடியும். அதைக் கழற்றி, வளைய முனையை வெட்டிவிட்டு புதிய முனை கிரிம்ப் செய்யுங்கள். வயர் உள்ளே பச்சை பூத்திருந்தால் பளபளப்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், மிச்சம் போதாவிட்டால் வயரையே மாற்றுங்கள். பல்க்ஹெட்டில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும், பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். மலைப் பனியில் பூசாமல் விட்டால் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

கூடவே இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அந்தப் பட்டைதான் டைனமோவின் எர்த். சார்ஜ் ஏறும்போது டைனமோ உடலுக்கும் பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையின் இரு முனையையும் சுத்தம் செய்யுங்கள்.

குளிர்மலை88

நேரடி வயர் போட்டதும் லைட் அணைந்தது, ஆம்ப் மீட்டர் பிளஸ் 12. பிறகு பல்க்ஹெட் ஸ்க்ரூவைக் கழற்றினேன். வளைய முனை கையிலேயே உதிர்ந்தது. புதிதாகப் போட்டு, இப்போது ஈ-யில் 0.03.

ஆனால் அரை மணி ஓட்டிய பிறகு பேட்டரியில் 15.7 வோல்ட் காட்டுகிறது, ஆம்ப் மீட்டர் இறங்கவே இல்லை. பேட்டரியில் ஆசிட் கொதிக்கிற சத்தம். கட்அவுட்டில் போர்மேன் முன்பு ஏதோ ஸ்க்ரூ திருகியதாகச் சொல்கிறார்.

மலைநாடு109

அதுதான் நடந்திருக்கு. எர்த் இல்லாமல் சார்ஜ் ஏறேல்லை எண்டு ரெகுலேற்றர் ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி ஏத்தி விட்டிருக்கினம். இப்ப எர்த் வந்ததும் அது மிதமிஞ்சி ஏத்துது. உடனே நிப்பாட்டுங்கோ, பற்றரி தட்டு வளைஞ்சு போகும். தண்ணி அளவையும் பார்த்து, காய்ச்சி வடிச்ச தண்ணி விடுங்கோ.

செற் பண்ண முதல் பாயின்ற்றைத் துடையுங்கோ. பற்றரியைக் கழட்டிப் போட்டு மூடியைத் திறவுங்கோ. இதிலை கன பேர் பிழை விடுற இடம்: ரெகுலேற்றர் பாயின்றுக்கு நைஸான கார்பொரண்டம் கல் அல்லது சிலிக்கன் கார்பைட் தாள். கட்அவுட் பாயின்றுக்கு அது ஆகாது, அது மென்மையான உலோகம். அதுக்கு நைஸ் கண்ணாடித்தூள் உப்புத்தாள் ஒரு கீற்று போதும். எமரி தாள் இரண்டுக்கும் வேண்டாம். முடிஞ்சதும் மெதிலேற்றட் ஸ்பிரிட்டில நனைச்ச துணியால துடையுங்கோ, தூசு நிண்டால் அதுவே மறிக்கும்.

இனி செற்றிங். ஏ, ஏ1 இரண்டு முனையிலயும் உள்ள வயர்களைக் கழட்டி ஒண்டாய்ச் சேர்த்து (அப்பதான் இக்னிஷனுக்குக் கரண்ட் போகும்) ரேப் சுத்தி, எங்கயும் முட்டாமல் ஒதுக்குங்கோ. அது நேரடி பற்றரி லைன், பாடியில பட்டால் பொறி பறக்கும். மீற்றரை டி-க்கும் ஈ-க்கும் நடுவில வையுங்கோ. ஸ்டார்ட் பண்ணி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டுங்கோ. வோல்ற் ஏறி, ஒரு இடத்தில சின்னதாய்த் துடிச்சு நிலைக்கும். அந்த நிலை 20 பாகை வெப்பத்தில 16 தொடக்கம் 16.6 வரை இருக்க வேணும், சூடான நாளில கொஞ்சம் குறைவாய். நிலைக்காமல் ஆடினால் பாயின்ற் இன்னும் அழுக்கு. கூட ரேஸ் பண்ணினால் இல்லாத வோல்ற்றைக் காட்டும், மெதுவாய்ப் போங்கோ.

பூட்டு நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைச் சிறுகச் சிறுகத் திருப்புங்கோ, கால் சுற்றுக்கு மேல ஒரே தரத்தில வேண்டாம். உள்ள திருப்பினால் கூடும், வெளிய எடுத்தால் குறையும். 30 செக்கனுக்குள்ள முடிச்சு இஞ்சினை நிப்பாட்டி, ஆற விட்டுத் திரும்பப் பாருங்கோ. காயில் சூடானால் கணக்கு மாறிப் போகும்.

இந்த 16ஐப் பார்த்துப் பயந்து கன பேர் 14.2இல செற் பண்ணுவினம். அது அல்டர்னேற்றர் கணக்கு. ஆர்பி106இல லோட் கரண்டும் ஒரு தடிச்ச சுற்றுக்குள்ளால ரெகுலேற்றரை ஊடறுத்துப் போகுது. பற்றரியை இணைச்சு ஆம்ப் ஓடத் தொடங்கினதும் வோல்ற்றைத் தானாய் இறக்கும். லோட் இல்லாமல் 16 எண்டால் பற்றரியில 14 தொடக்கம் 14.5 வரும். லோட் இல்லாமல் 14.2 வைச்சால் பற்றரி ஒருநாளும் நிரம்பாது.

கடைசியில கட்அவுட். வயர்களைப் பழையபடி போட்டு, ஹெட்லைற்றைப் போட்டு, மீற்றரை டி-ஈ நடுவிலயே வைச்சு வேகத்தைக் கூட்டுங்கோ. வோல்ற் ஏறி ஏறிச் சட்டெண்டு ஒரு அடி இறங்கும். அந்த உச்சம் 12.7க்கும் 13.3க்கும் இடையில இருந்தால் கட்அவுட் ஸ்க்ரூவில கை வைக்க வேண்டாம்.

குளிர்மலை88

லோட் இல்லாமல் 17.9 இருந்தது! முக்கால் சுற்று வெளியே எடுத்து 16.2-இல் நிறுத்தினேன். கட்அவுட் 13.0-இல் ஒட்டுகிறது. இப்போது பேட்டரியில் 14.3, ஆம்ப் மீட்டர் 10-இல் தொடங்கி இருபது நிமிடத்தில் 3-க்கு இறங்கியது.

ஒரே ஒரு சந்தேகம். மாலையில் பனி மூட்டம், ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். இதற்கு டைனமோ போதுமா, போர்மேன் சொல்வதுபோல் அல்டர்னேட்டருக்குப் போகலாமா?

பச்சைபோனட்

அல்டர்னேட்டர் மாற்றம் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. டிப்பில் 55 வாட் பல்பு இரண்டு, 8.5 ஆம்ப். பின் விளக்கு, சைடு லைட், மீட்டர் லைட் எல்லாம் சேர்த்து 2. இக்னிஷன் காயில் 3 முதல் 4. வைப்பர் 2 முதல் 3. மொத்தம் 16, 17 ஆம்ப். டைனமோ நன்றாகச் சுற்றும்போது 22 தரும், மிச்சம் 5 ஆம்ப் பேட்டரிக்கு. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் பிரச்சினை இல்லை. வரிசையில் ஸ்லோவில் நின்றால் எல்லாமே பேட்டரியிலிருந்து போகும். அரை மணி நின்றாலும் நல்ல பேட்டரி தாங்கும், பிறகு ஓட்டத்தில் ஏறிக்கொள்ளும். தினமும் ஒரு மணிக்கு மேல் அப்படி நிற்பதாயிருந்தாலோ, ஃபாக் லைட், வின்ச் போன்றவை சேர்ப்பதாயிருந்தாலோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் இப்போதுதான் சரியான டைனமோவைக் கழற்ற நான் சொல்ல மாட்டேன். அந்த அழுகிய எர்த்தோடு அல்டர்னேட்டர் மாட்டியிருந்தாலும் வேறு ஏதாவது தொல்லை வந்திருக்கும்.

மாற்றுவதானால் சீரீஸ் 3-இல் வந்த லூகாஸ் 16ஏசிஆர் பொருத்தம், 34 ஆம்ப். இன்னும் வேண்டுமென்றால் 18ஏசிஆர், 45 ஆம்ப். அதற்கு முன் வண்டியை நெகட்டிவ் எர்த் ஆக்க வேண்டும். பேட்டரியைத் திருப்பி வைத்து, காயிலின் இரண்டு சிறு வயரையும் இடம் மாற்றி, ஆம்ப் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். பேட்டரியைத் திருப்பாமல் அல்டர்னேட்டரை இணைத்தால் அந்த நொடியிலேயே டயோடு போய்விடும், அதற்குப் பரிகாரம் இல்லை.

கட்அவுட் பெட்டி தேவையில்லை. ஏ, ஏ1 வயர்களை ஒன்றாக இணைக்க வேண்டும். சிவப்பு லைட்டிலிருந்து வரும் வயர் அல்டர்னேட்டரின் சின்ன டெர்மினலுக்குப் போகும். எஃப் வயரை இரு முனையிலும் காப்பிட்டு விட்டுவிடலாம். அல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலிலிருந்து பேட்டரி பக்கம் புதிதாக 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள், பழைய டைனமோ வயர் 34 ஆம்புக்குச் சூடாகும்.

பிறகு அந்தச் சிவப்பு பல்பு, 2.2 வாட். டைனமோ வண்டியில் அது எரிந்து போனாலும் சார்ஜ் ஏறும், ஏனென்றால் காந்தம் இரும்பிலேயே இருக்கிறது. அல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால், அல்லது அங்கே எல்ஈடி வைத்தால், அல்டர்னேட்டர் எழும்பாது. அல்டர்னேட்டர் கெட்டது என்று மாற்றுகிறவர்களில் பலர் இந்தச் சின்ன பல்பைப் பார்ப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. சேஸிஸில் வெல்டிங் செய்யும் முன் அல்டர்னேட்டர் பிளக்கை உருவிவிட வேண்டும்.

ஆர்மேச்சர்

டைனமோவையே வைத்துக்கொள்வதானால் பின் மூடியின் நடுவே உள்ள துளையில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஸ்ஏஇ 30 ஆயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். உள்ளே இருப்பது பேரிங் அல்ல, வெண்கல புஷ். காய்ந்து தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து ஃபீல்டு இரும்பில் உரசும், அதன் பிறகு ரிப்பேருக்கு வழி கிடையாது. அதிகமாகவும் விட வேண்டாம், ஆயில் காமுடேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) ஏறி பிரஷ்ஷை நனைக்கும். பெல்ட்டை ஃபேன் புல்லிக்கும் கிராங்க் புல்லிக்கும் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போக வேண்டும். புது பெல்ட் என்பதால் 200, 300 கிலோமீட்டரில் ஒருமுறை தளரும், அப்போது திரும்ப இறுக்குங்கள்.

எப்போதாவது டைனமோவைக் கழற்றி மாட்டினால், அல்லது வேறு வண்டியின் டைனமோ போட்டால், ஸ்டார்ட் செய்யும் முன் காந்தத் திசையைச் சரிசெய்ய வேண்டும். பெட்டியில் எஃப் வயரைக் கழற்றிவிட்டு, அந்த வயர் முனையால் ஏ டெர்மினலை ஒரு நொடி தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும், அது போதும். வயரைக் கழற்றாமல் பெட்டியின் எஃப்-ஐயே ஏ-யோடு தொட்டால் ரெகுலேட்டர் பாயின்ட் கருகும்.

குளிர்மலை88

டைனமோவே இருக்கட்டும். ஆயில் துளையில் மண் அடைத்திருந்தது, குத்தி எடுத்து மூன்று சொட்டு விட்டேன். பின்னல் பட்டையில் 0.4 வோல்ட் காட்டியது, இரண்டு முனையும் தேய்த்த பிறகு 0.08. நேற்று மாலை ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டு மேலே ஏறினேன், ஆம்ப் மீட்டர் பிளஸ் 4-இல் நின்றது. இன்று காலை பேட்டரி 12.7.